உஸ் அண்ணாச்சியும் மூணாம் அண்டாவும்

சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே சத்தம் கேட்டால் நிம்மதியாகிறவரும் சத்தம் நின்றால் பதறிப்போகிறவருமான ஒரே மனிதர் உஸ் அண்ணாச்சிதான். பஸ் ஸ்டாண்டில் மூன்று டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கு நடுவில் சிமெண்ட் பெஞ்சில் படுத்துக் குறட்டை விடுவார். ஆனால் அவர் வீட்டுக்குப் புதிதாக வாங்கிய மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது என்பதற்காக இரண்டு நாள் உறங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் அதைக் கழற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டார்.

"என்ன கோளாறு அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர்.

"கோளாறு இருந்தாத்தான் சத்தம் போடுமே வே. இது உசுரோட இருக்கா இல்லையான்னே தெரியல. எந்திச்சு எந்திச்சுப் பாக்க வேண்டியிருக்கு."

கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் வேறு விசிறி கொடுத்தாராம். அது கடகடவென்று ஆடியதாம். அண்ணாச்சி வீட்டில் அன்று எல்லாரும் முழித்திருக்க, அவர் மட்டும் உறங்கினாராம்.

சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. பனவடலிசத்திரத்தில் வீடு. நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் ஆலை ஒன்றில் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆலை மூடியபிறகு, எங்கெல்லாம் ஆவிக்குழாய் ஓடுகிறதோ அங்கெல்லாம் போய்ப் பழுது பார்ப்பார். அப்படித்தான் எங்கள் இடத்துக்கும் வந்தார்.

எங்கள் இடம் என்றால், ஊருக்கு வெளியே ஒரு நர்ஸிங் கல்லூரியின் பெண்கள் விடுதி. நான் அங்கே சாப்பாட்டுக்கூடத்துக்கு மேனேஜர். இருநூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் மேனேஜர் என்றால் இருநூறு பேரும் ஏசுவதற்கென்று உட்காரவைத்திருக்கிற ஆள் என்று அர்த்தம். காலையில் இட்லி சரியில்லை, மதியம் சாம்பார் சரியில்லை, சாயங்காலம் ஆகும்போது மேனேஜரே சரியில்லை. முன்பெல்லாம் நேரில் வந்து சொல்வார்கள். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் தட்டோடு படம் பிடித்துப் போடுகிறார்கள். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கண்ணாடியில் பார்த்தால் ஐம்பத்தெட்டு.

சமையலுக்கு அங்கே அடுப்பு கிடையாது, ஆவிதான். பின்கட்டில் ஒரு பாய்லர். அதிலிருந்து ஒரு குழாய் சுவரோரமாக வந்து மூன்று பெரிய அண்டாக்களுக்குப் பிரியும். ஒவ்வொரு அண்டாவுக்கும் இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் ஆவி புகுந்து சூடேற்றும். முதல் அண்டாவில் சாம்பார், இரண்டாவதில் காய், மூன்றாவதில் சோறு. ஒவ்வொரு அண்டாவின் தோளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் நிற்கும். காத்து வால்வு என்பார்கள். அது எதற்கு என்று நான் கேட்டது ஒரே தடவைதான். அண்ணாச்சி விளக்கிச் சொன்னதில் மறுபடி கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

"வே மேனேஜரே, ராசபாளையம் பஸ்ஸு வந்து நிக்கி. உள்ள இருக்கவன் எறங்காம வெளிய நிக்கவன் ஏற முடியுமா?"

"முடியாது."

"அதான். ராத்திரி முச்சூடும் அண்டாவுக்குள்ள காத்து ஏறி உக்காந்திருக்கு. காலையில ஆவி வந்து வாசல்ல நிக்கி. காத்து எறங்குனாத்தான் ஆவி ஏறும். இந்தக் குமிழுதான் கண்டக்டரு. காத்தை உஸ்ஸுன்னு எறக்கிவிடுவான். ஆவி வந்து தொட்டதும் டிக்குனு கதவைச் சாத்திருவான். எறக்கிவிடவும் தெரியணும், சாத்தவும் தெரியணும். ரெண்டுல ஒண்ணு மறந்தான்னா பஸ்ஸு போகாது."

அந்த 'உஸ்'ஸைக் கேட்பதுதான் அவர் தொழில். அதனால்தான் அந்தப் பெயர். காதில் கேட்பது போதாதென்று ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அதன் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, காற்று நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போகிற வழியில் பிரிட்ஜ், மோட்டார், கல்லூரிச் செயலாளர் ஐயாவின் கார் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். ஒருநாள் செயலாளர் ஐயா காரின் பின்சீட்டில் கண்ணயர்ந்திருப்பது தெரியாமல் கதவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள ஏதோ கொர்ருங்கு. பேரிங்கு போயிட்டு" என்று சத்தமாகச் சொன்னார். கண்ணாடி இறங்கியது. அன்றிலிருந்து ஐயாவுக்கு அண்ணாச்சியைக் கண்டால் ஆகாது.

வாசலில் வருகைப் பதிவேடு உண்டு. அதில் 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் 'மூணாம் அண்டா' என்று எழுதுவார். 'வந்த காரணம்' என்ற இடத்தில் 'காத்து'. வாட்ச்மேன் என்னிடம் வந்து தலையைச் சொறிவார்.

உலகத்தில் என்ன கெட்டுப்போனாலும் உள்ளே காற்று நிற்பதுதான் காரணம் என்று அண்ணாச்சி உறுதியாக நம்பினார். தாலுகா ஆபீசில் மனு நகரவில்லையா, உள்ளே பழைய மனு உட்கார்ந்திருக்கிறது, அதை முதலில் இறக்கு. அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் சம்சாரமும் சண்டை போட்டபோது சமாதானம் பேசப் போனவர், புருஷனைப் பேசவே விடவில்லையாம். "நீரு வாய மூடும். மொதல்ல அவ காத்தை எறக்கட்டும்" என்று ஒரு மணி நேரம் அந்த அம்மாவை ஏசவிட்டிருக்கிறார். முடிந்ததும் அந்த அம்மா தானாக எழுந்துபோய்க் காபி போட்டார்களாம். "பாத்தேரா? டிக்குனு சாத்திட்டு" என்று எங்களிடம் வந்து பெருமையடித்தார்.

அவருக்குச் சரிக்குச் சரி நின்று பேசக்கூடிய ஆள் எங்கள் சமையற்காரி பொன்னுத்தாய் அக்கா ஒருத்திதான். பதினெட்டு வருஷமாக அந்த அண்டாக்களோடு இருக்கிறவள். அவள் சம்பளத்தில்தான் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு குடும்பமே நடந்தது.

"ஏ பொன்னுத்தாயி, ஒன் வாயில ஒரு வால்வு மாட்டிவிடட்டா?"

"ஒமக்கு மாட்டும் மொதல்ல. வந்ததுலேருந்து தொறந்தே கெடக்கு."

இப்படியே போகும். வேலை முடிகிறவரை இருவரும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது ஒன்றுதான் அந்தச் சமையல்கட்டில் பிடித்த சத்தம்.

பிடிக்காத சத்தம் மூணாம் அண்டாவுடையது. எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளித்துவிட்டு வந்தால் உடம்பில் கோலம் போட்டதுபோல் வெள்ளை பூக்கும். அந்த உப்பு ஆவிக்குழாய்க்குள்ளும் போய்ப் படிந்து படிந்து, மூணாம் அண்டாவின் வால்வு சாத்த மறந்துவிட்டது. காலையில் பாய்லர் பற்றவைத்ததிலிருந்து மதியம் அணைக்கிறவரை 'உஸ்ஸ்ஸ்' என்று ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கும். அது நின்றிருந்தது என் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே.

அண்ணாச்சி இரண்டு தடவை சொன்னார். "மூணையும் மாத்திருவோம் வே. குழாய்க் கடைசியில ஒரு பெரிய குமிழு இருக்குல்லா, அதையும் சேத்து மாத்தணும். புளித்தண்ணியில ஊறப்போட்டெல்லாம் பாத்தாச்சி. இனி தாங்காது."

"அடுத்த மாசம் பாப்போம் அண்ணாச்சி" என்றேன் இரண்டு தடவையும். புதுசு வாங்க வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், திரும்பி வந்தால் மறுபடி எழுத வேண்டும். அந்த நாட்களில் எனக்குப் பேனா மூடியைத் திறப்பதே பெரிய காரியமாக இருந்தது.

அந்தச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததை இன்றுவரை நினைத்தால் கூசுகிறது. பாய்லர் ஆறிக் கிடந்த நேரம். வீட்டில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கொண்டுபோய், அந்தப் பித்தளைக் குமிழின் வாயை இழுத்துச் சுற்றி, மேலே கம்பி போட்டு முறுக்கிவிட்டேன். ஒழுகுகிற குழாயெல்லாம் எங்கள் ஊரில் அப்படித்தான் நிற்கும், அது ஒன்றும் பெரிய குற்றமில்லை என்றுதான் நினைத்தேன். ஆவியும் மிச்சம், காதும் மிச்சம் என்று எனக்கு நானே பாராட்டு வேறு.

திங்கட்கிழமை மதியம் ஜன்னலோரம் அப்படி ஒரு அமைதி. பொன்னுத்தாய் அக்காகூட எட்டிப் பார்த்து, "அப்பாடா, இப்பத்தான் காது கேக்கு தம்பி" என்றாள். நாற்காலியில் சாய்ந்தேன். பல மாதத்துக்குப் பிறகு உறங்கினேன்.

அன்றுதான் சோறு வேகாமல் போனது.

வேகாமல் என்றால் முழுக்க வேகாமல் இல்லை. அண்டாவின் அடியில் கஞ்சி, மேலே அரிசி. நடுவில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் சோறு. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. பொன்னுத்தாய் அக்கா தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், அரிசியை ஊறப்போட்டுப் பார்த்தாள், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தும் பார்த்தாள். குரூப்பில் அரிசிப் படமாக விழுந்தது. ஒரு பிள்ளை, ஒரு பருக்கையை நகத்தால் பிடித்துப் படமெடுத்து, 'பேஷன்ட் நிலைமை கவலைக்கிடம்' என்று எழுதியிருந்தாள்.

செயலாளர் ஐயா வந்தார். புகார் நோட்டைக் கேட்டார். நான் எடுத்து நீட்டினேன். அதில் என் கையெழுத்தில் 'சமையலில் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. ஆமாம், நான்தான் எழுதினேன். எனக்கும் அவள் கைப்பக்குவம் போய்விட்டது என்றுதான் தோன்றியது. டியூபுக்கும் சோற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் களைத்த மண்டைக்கு எட்டவேயில்லை.

"சனிக்கிழமை மதியம் கமிட்டிக்காரங்க நாலு பேரோட வந்து நானே சாப்பிடுதேன்" என்றார் ஐயா. "அன்னைக்கும் இப்படி இருந்தா வெளி ஆளுக்கு மெஸ்ஸைக் கொடுத்துருவோம். இந்த அம்மாவை அனுப்பிருங்க."

பொன்னுத்தாய் அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மகள் வீட்டுக்குக் குருவிகுளம் போயிருந்தவர், அங்கிருந்து நேராக வந்துவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே முகம் மாறிவிட்டது.

"என்னவே, சத்தத்தையே காணோம்?"

உள்ளே வந்தார். மூணாம் அண்டாவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். சாவு வீட்டுக்குள் நுழைந்தவர்போல் மெதுவாக அண்டாவைச் சுற்றிப் போனார். குனிந்தார். டியூபைத் தொட்டார். கறுப்பு ரப்பர் உருகி விரலில் ஒட்டியது.

"யாரு கெட்டுனது இது?"

பொன்னுத்தாய் அக்கா என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, பாய்லரை அணைக்கச் சொல்லும்" என்றார்.

அன்று முழுக்க அவர் பேசவில்லை. நம்புங்கள், பேசவேயில்லை. குழாய் ஆறுகிறவரை குத்தவைத்துக் காத்திருந்தார். முதலில் குழாயின் கடைசியில் இருந்த பெரிய குமிழைக் கழற்றினார். பிறகு அண்டாக்களுடையதை ஒவ்வொன்றாக. மூணாவது, உப்பில் இறுகி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி விட்டு, மறுபடி தட்டி, கடைசியில் கழன்று வந்தபோது உள்ளே கதவைச் சாத்தவிடாமல் உப்பு சுண்ணாம்புபோல் படிந்திருந்தது. நான் வாங்கித் தராத புது வால்வுகள் நாலும் அவர் பையில் இருந்தன. கேட்டதற்கு, "எப்பிடியும் கூப்பிடுவீருன்னு தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான்.

குமிழைத் திருகுகிற மரையில் ஆவி ஒழுகாமலிருக்க மற்றவர்கள் வெள்ளை டேப் சுற்றுவார்கள். அவர் தறி நூல் சுற்றுவார். நம்மூர் நூல்தான். எச்சில் தொட்டு, மரையோடு மரையாக, ஊசியில் கோக்கிற கவனத்தோடு சுற்றினார். ஒவ்வொரு குமிழும் நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சாய்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்குமாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆவியைத் திறந்தோம். மூணாம் அண்டாவில் அரிசி. பொன்னுத்தாய் அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். முதல் குமிழ் 'உஸ்' என்றது. இரண்டாவது 'உஸ்'. மூன்றாவதில் ஒன்றுமில்லை. அண்ணாச்சி கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார்.

'உஸ்ஸ்ஸ்.'

மூன்றும் சேர்ந்து ஊதின. பிறகு டிக். கொஞ்சம் கழித்து டிக். கடைசியாக மூணாம் அண்டாவில், டிக்.

"சாத்திட்டான்" என்றார் அண்ணாச்சி.

மதியம் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சோறு பூப்போல விழுந்தது. ஒருவர் மூன்றாம் தடவை ரசத்துக்குச் சோறு கேட்டார். செயலாளர் ஐயா மட்டும் கையைக் கழுவிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குள் வந்தார். நல்ல சோறே சாப்பிட்டாலும் அவருக்கு யாரையாவது ஏசாமல் செரிக்காதே.

"சமையல்ல கோளாறு இல்ல. நல்லது. அப்ப அஞ்சு நாளா ஏன் வேகல? யாரு தப்பு?"

அந்த ரப்பர் கட்டு இன்னும் மேடைமேல் கிடந்தது. ஐயா அதை எடுத்தார். "இதை யாரு சுத்துனது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் வார்த்தை வருவதற்குள் வீட்டு வாடகை, மகளின் பள்ளி, நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு எவன் வேலை தருவான் என்பதெல்லாம் வந்து வாசலை அடைத்துக்கொண்டன.

"நாந்தான்" என்றார் உஸ் அண்ணாச்சி.

"நீரா?"

"ஆமா. சத்தம் சாஸ்தியா இருக்கேன்னு போன தடவை நாந்தான் கெட்டிட்டுப் போனேன்."

சத்தம் இல்லாத விசிறியைத் திருப்பிக் கொடுத்த மனிதர் சொல்கிற பொய்யா இது! பொன்னுத்தாய் அக்காவின் கையிலிருந்து மூடி நழுவி விழுந்து உருண்டது. ஐயாவுக்கு அந்தக் காரின் ஞாபகமும் சேர்ந்துகொண்டது. கால் மணி நேரம் ஏசினார். தொழில் தெரியாதவன், இருநூறு பிள்ளைகள் வயிற்றில் அடித்தவன், இனி இந்தக் கேட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. அண்ணாச்சி தலையைக் குனிந்து, "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று கேட்டுக்கொண்டார்.

கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். "ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"அவருக்குக் காத்து எறங்கணும்லா வே. எந்த ஓட்டை வழியா எறங்குனா என்ன? எம்மேல போனா வெளிய போயிட்டு. ஒம்ம மேல போனா ஒம்ம குடும்பத்துக்குள்ள போய் உக்காந்துக்கிடும்." மொபெட்டை உதைத்தார். "உறக்கம் வரலன்னா ஜன்னலைச் சாத்தும். வால்வைச் சாத்தாதீரும்."

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தட்டின் முன்னால் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பொன்னுத்தாய் அக்காவிடம் போய், "அந்த டியூபு நான் கெட்டுனது அக்கா" என்றேன். "தெரியும் தம்பி. கெட்டும்போது பாத்தேன்" என்றாள். "பின்ன ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு, "அதுனாலதான் சோறு வேகலன்னு எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சதுக்கப்புறம் ஒங்க மூஞ்சியப் பாத்தா சொல்லத் தோணல" என்றாள். நோட்டில் நான் எழுதியிருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை செயலாளர் ஐயாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் எழுதியதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"சனிக்கிழமைதான் ஒருத்தர் நாந்தான்னாரு. இன்னைக்கு நீங்க நாந்தாங்கீங்க. நான் எத்தனை பேரை ஏசுறது? எனக்கும் பிரஷர் இருக்குல்லா?" அலுத்துப்போய் ஜன்னலைப் பார்த்தார். "நோட்டுல எழுதுனதை அடிச்சுட்டு, அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அந்த ஆளை வரச் சொல்லுங்க. என் கார்ப் பக்கம் மட்டும் போகக் கூடாது."

வெளியே வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஐயாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"அட கிறுக்கா! என்னைப் பொய்க்காரன் ஆக்கிப்போட்டீரே வே!" என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டீரா?" என்றார்.

"இல்ல."

"சனிக்கிழமையிலேருந்தா?"

"ஆமா."

"அங்கனயே இரும். வாரேன்."

உச்சி வெயிலில் பனவடலிசத்திரத்திலிருந்து வந்தார். பையும் இல்லை, ஸ்க்ரூடிரைவரும் இல்லை. வேலை எதுவும் இருக்கவில்லை. நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்து, "ஏ பொன்னுத்தாயி, ரெண்டு தட்டு" என்றார். எனக்கு எதிரில் உட்கார்ந்து, தன் தட்டைத் தொடாமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு நன்றாக வெந்திருந்தது. நான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய பிறகுதான் அவர் பிசைய ஆரம்பித்தார்.